தரவு மையத்தின் கணக்கப்பிள்ளை

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பாடநூலின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள சதுரக் குறியைத் தமது கைப்பேசிக்குக் காட்டுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டொரு விநாடிகளில் பாடத்துக்குரிய படம் திரையில் தோன்றுகின்றது. வேறோர் ஊரில் சுகாதார ஊழியர் ஒருவர் அன்று பார்த்த வீடுகளின் விவரங்களைக் கைப்பேசியில் குறித்து, 'அனுப்புக' என்னும் பொத்தானை அழுத்துகின்றார். படம் எங்கிருந்து வந்தது? விவரங்கள் எங்கே சென்றன? 'மேகத்துக்கு' என்பது இந்நாளில் வழங்கும் விடை. உண்மையில் இம்மேகம் வானத்தில் மிதப்பதன்று. கான்கிரீட் கட்டடங்களில், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், இரும்புச் சட்டங்களில் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டு, இரவும் பகலும் மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும் பல்லாயிரம் கணினிகளே அது. இக்கட்டடங்களுக்குத் தரவு மையங்கள் என்று பெயர். கடலடிக் கம்பிவடங்கள் கரையேறும் ஊராதலின் மும்பையிலும், தானே கழிமுகத்துக்கு அப்பால் நவி மும்பையின் ஐரோலி, மஹாபே ஆகிய பகுதிகளிலும் இவை மிகுதியாக எழுந்துள்ளன.

இத்தனை கணினிகளில் எது வேலையாய் இருக்கின்றது, எது சும்மா இருக்கின்றது, யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்தாயிற்று, எந்தப் பொறி பழுதாயிற்று, அதிலிருந்த வேலையை எங்கே மாற்றுவது என்பவற்றையெல்லாம் மனிதர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பார்த்தல் இயலாது. அதற்கென ஒரு மென்பொருள் இருக்கின்றது. பெரிய பண்ணையின் கணக்கப்பிள்ளையை அதற்கு ஒப்பிடலாம். பண்ணையின் நிலம் யாருடையதாயினும், கணக்கு யார் கையில் இருக்கின்றதோ அவரிடமே சாவியும் இருக்கும். இம்மென்பொருளில் அண்மை ஆண்டுகளில் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்களையும், அவை பொதுமக்களின் ஆவணங்களோடு எவ்வாறு தொடர்புடையன என்பதையும் இங்கே காண்போம்.

பலருக்கு ஒரு பொறி

ஒரே கணிக்கும் பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் மும்பைக்குப் புதியதன்று. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் அமைக்கப்பட்ட முதற் கணினி 1960இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962 ஜனவரியில் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட அப்பொறியின் நினைவகத்தில், 40 இருமக் குறிகள் கொண்ட 2,048 சொற்களே அடங்கும். இன்றைய கணக்கில் அது 10 கிலோபைட். அடையாள அட்டைக்காக எடுக்கும் ஒரு சிறு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. 1964இல் அந்நிலையத்துக்கு சிடிசி 3600 என்னும் பெருங்கணினி வந்து சேர்ந்தது. நாட்டின் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளைத் துளையட்டைகளில் பதித்து அதனிடம் கொண்டுவந்தனர். ஒருவர் கணக்கு முடிந்த பிறகே அடுத்தவர் கணக்கு. யாருக்கு எப்பொழுது முறை என்பதை வகுக்கும் பொறுப்பு இயக்குவோரிடம் இருந்தது. இன்றைய மேக மென்பொருள் செய்வதும் அடிப்படையில் அவ்வேலையே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒரு கணினிக்குள்ளேயே பல கணினிகளை உண்டாக்கும் முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெரிய கூடத்தைத் தட்டிகளால் தடுத்துப் பத்துக் குடித்தனங்கள் அமைப்பதைப் போல, ஒரு பொறியின் கணிக்கும் திறனையும் நினைவகத்தையும் கூறிட்டு, ஒவ்வொரு கூறும் தனிக் கணினியே என்று அதில் ஓடும் நிரல் நம்பும்படி செய்துவிடுகின்றனர். இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். இக்கருத்தும் 1960களுக்குரியதே; ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் அதனைச் செய்து காட்டியது. எல்லோரும் வாங்கக்கூடிய சாதாரணக் கணினிகளுக்கு அது வந்து சேரத்தான் நாளாயிற்று. லினக்ஸ் இயக்கமுறையில் கேவிஎம் என்னும் பகுதி 2007இல் சேர்ந்தபின், தட்டி அடிக்கும் இக்கருவி விலையின்றி யாவருக்கும் கிடைக்கலாயிற்று.

தட்டி அடித்தாயிற்று. ஆனால் ஆயிரம் கூடங்களில் பதினாயிரம் குடித்தனங்கள் என்றால் யார் எங்கே இருக்கின்றார் என்று யார் பார்ப்பது? இங்கேதான் கணக்கப்பிள்ளை வருகின்றார். ஒருவர், 'எனக்கு நான்கு கோர், 16 கிகாபைட் நினைவகம், 100 கிகாபைட் வட்டு உடைய கணினி ஒன்று வேண்டும்' என்று விண்ணப்பிக்கின்றார். மென்பொருள் முதலில் அவர் யார், அவருக்கு உரிமை உண்டா, அவருடைய ஒதுக்கீட்டில் மிச்சம் இருக்கின்றதா என்று பார்க்கின்றது. பின்பு எல்லாப் பொறிகளையும் சல்லடையில் சலித்து, இடமற்றவற்றைத் தள்ளி, எஞ்சியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றது. வட்டுக்கு இடம் ஒதுக்கி, வலைப்பின்னலில் முகவரி கொடுத்து, கணினியை எழுப்பிவிட்டு, பேரேட்டில் பதிந்துகொள்கின்றது. இவை யாவும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

இவ்வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள்களில் இரண்டினைக் குறிப்பிட வேண்டும். ஒன்று ஓப்பன்ஸ்டாக். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்னும் வணிக நிறுவனமும் 2010 ஜூலையில் தங்கள் நிரல்களை ஒன்றுசேர்த்து வெளியிட்டதில் அது பிறந்தது. மற்றொன்று கிளவுட்ஸ்டாக். தனியார் நிறுவனம் ஒன்றில் உருவாகி, 2011இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2012இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. ஓப்பன்ஸ்டாக் பல தனித்தனிப் பகுதிகளின் கூட்டம். வேண்டியதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சேர்க்கத் தெரிந்தவர் வேண்டும். கிளவுட்ஸ்டாக் ஒரே கட்டாக வருவது. சிறிய அலுவலகங்களுக்கு அதுவே எளிது.

'திறந்த' என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்போரைத் தொல்லைப்படுத்தும் சொற்களில் இஃது ஒன்று. திறந்த மூலம் என்றால், நிரல் எழுதப்பட்டுள்ள முறையை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்பதே பொருள். அதில் சேமித்துள்ள ஆவணங்களை எவரும் பார்க்கலாம் என்பது பொருளன்று. பூட்டு எவ்வாறு செய்யப்பட்டது என்னும் வரைபடம் கடைவீதியில் கிடைக்கின்றது. சாவி உரியவரிடம் இருக்கின்றது. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

டிராம்பேயும் ஜினீவாவும்

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அமைந்துள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்கும் இக்கதையில் இடம் உண்டு. ஜினீவா நகருக்கு அருகில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் அணுத்துகள்களை மோதவிடும் செர்ன் ஆராய்ச்சிக் கூடம், தன் சோதனைகளிலிருந்து கிடைக்கும் எண்களின் வெள்ளத்தை ஓரிடத்திலேயே தேக்கிவைக்க இயலாது என்று கண்டது. ஆகவே ஏறத்தாழ 40 நாடுகளைச் சேர்ந்த 170 கணிப்பு நிலையங்களை ஒரே வலையாகப் பிணைத்தது. கொலாபாவின் டாட்டா நிலையமும் கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இவ்வலையின் இரண்டாம் படி நிலையங்கள். அவ்வலையை ஆளுவதற்கான மென்பொருளை எழுதுவதில் டிராம்பே நிபுணர்கள் 2000ஆம் ஆண்டுகளில் பங்குகொண்டனர். உலகெங்கும் பரவிய நிலையங்களில் எது இயங்குகின்றது, எது நின்றுவிட்டது, எங்கிருந்து எங்கே எவ்வளவு தரவு ஓடுகின்றது என்பதைப் படமாக வரைந்து காட்டும் 'கிரிட்வியூ' என்னும் கருவி அவ்வாறு உருவானவற்றுள் ஒன்று. இந்தியாவைச் செர்னின் இணை உறுப்பினராக்கும் உடன்படிக்கை 2016 நவம்பர் 21ஆம் நாள் கையெழுத்தானதும் மும்பையிலேதான்.

அடுத்து நிகழ்ந்தது நமக்குப் பாடமாக உள்ளது. செர்ன் தன் பொறிகளை ஆளுவதற்குத் தானும் தன் கூட்டாளிகளும் எழுதிய கருவிகளையே பல ஆண்டுகள் பயன்படுத்திவந்தது. 2012ஆம் ஆண்டையொட்டி, அவற்றைக் கைவிட்டு, உலகம் பொதுவாக உபயோகிக்கும் திறந்த மூலக் கருவிகளுக்கு மாறிவிட முடிவு செய்தது. பொறிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. பார்த்துக்கொள்ளும் ஊழியர்களின் எண்ணிக்கை பெருகவில்லை. அதுவே காரணம். 2013 ஜூலை முதல் ஓப்பன்ஸ்டாக் அங்கே அன்றாட வேலையில் இருக்கின்றது. சில ஆண்டுகளில் அதன் ஆளுகைக்குள் வந்த கோர்களின் எண்ணிக்கை 3 லட்சத்தை எட்டியது. சொந்தமாக எழுதியதில் பெருமை கொள்வதற்கு எல்லா உரிமையும் உடைய ஒரு கூடம், அதனை விட்டுப் பொதுக் கருவிக்கு வந்து, தன் திருத்தங்களை அப்பொதுக் கருவிக்கே திருப்பித் தந்தது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையமும் இதே வழியில், திறந்த மூலப் பகுதிகளைக் கொண்டு 'மேகதூத்' என்னும் மேகத் தொகுப்பை அமைத்தது. மத்திய அரசும் 2015 மார்ச்சில் வெளியிட்ட கொள்கையில், மின்-ஆளுகை அமைப்புகளுக்குத் திறந்த மூல மென்பொருளையே முதலில் நாடவேண்டும் என்று வகுத்தது.

குடிபெயரும் கணினி

இனிப் புதிய வசதிகளுக்கு வருவோம். அவற்றை விளங்கிக்கொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை நிறுத்தாமலேயே வேறொரு பொறிக்கு மாற்றும் வித்தையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது சுவையாக இருக்கும்.

ஒரு மெய்நிகர் கணினியின் நினைவகம் 16 கிகாபைட் என்று கொள்வோம். இரு பொறிகளையும் இணைக்கும் கம்பியில் விநாடிக்கு 1.25 கிகாபைட் செல்லும் என்க. முழு நினைவகத்தையும் நகலெடுக்க ஏறத்தாழ 13 விநாடிகள் ஆகும். ஆனால் கணினி ஓடிக்கொண்டிருப்பதால், அந்த 13 விநாடிகளுக்குள் நினைவகத்தின் சில பக்கங்கள் மாறிவிடும். விநாடிக்கு 100 மெகாபைட் மாறுகின்றது என்றால், மாறியது 1.3 கிகாபைட். அதை மட்டும் மறுபடி அனுப்ப ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியில் மாறியது 100 மெகாபைட். அதை அனுப்ப விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் பாக்கி குறைந்துகொண்டே வரும் பெருக்குத் தொடர் இது. பாக்கி மிகச் சிறிதானதும், கணினியைக் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, கடைசிப் பக்கங்களை அனுப்பி, புதிய இடத்தில் எழுப்பிவிடுவர். அதனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவருக்கு வீடு மாறியதே தெரியாது. நினைவகம் மாறும் வேகம் கம்பியின் வேகத்தை மிஞ்சினால் தொடர் குவியாது. குடிபெயர்ச்சி முடிவே பெறாது. அப்பொழுது கணினியின் ஓட்டத்தைச் சற்றுத் தணித்துவைப்பர். மழைக்காலத்தில் பழுதுபார்க்க வேண்டிய பொறியிலிருந்து எல்லாக் குடித்தனங்களையும் பகல் வேளையிலேயே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதனை அணைக்க முடிவது இம்முறையால்தான்.

சாதாரணக் கணினிகளுக்கு இவ்வித்தை 2005ஆம் ஆண்டளவிலேயே கைவந்துவிட்டது. ஆனால் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கு உபயோகிக்கும் ஜிபியு அட்டைகள் இதற்கு இணங்கவில்லை. அட்டைக்குள் அதற்கெனத் தனி நினைவகம் உண்டு. அதில் இருப்பது இன்னதென்று வெளியிலிருக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. பூட்டிய பெட்டியைத் திறவாமல் அதற்குள் இருப்பதைப் படியெடு என்பது போன்ற சங்கடம். 2024 ஏப்ரலில் வெளிவந்த ஓப்பன்ஸ்டாக் பதிப்பில், பலர் பகிர்ந்துகொள்ளும் ஜிபியு அட்டையின் ஒரு கூறோடு கூடிய கணினியையும் ஓட்டத்திலேயே இடம்பெயர்க்க வழி செய்யப்பட்டது. லினக்ஸ் கருவும் அட்டையின் இயக்கியும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். இரு பக்கமும் ஒத்த வகை அட்டையே இருக்க வேண்டும். 2025இல் கிளவுட்ஸ்டாக்கின் 4.21ஆம் பதிப்பும் ஜிபியு அட்டைகளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாயில் அனுமதித்த இந்தியா-ஏஐ திட்டம், இத்தகைய அட்டைகளைப் பலருக்கும் பங்கிட்டளிப்பதை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது என்பதை நினைவிற் கொண்டால், பங்கீட்டுக் கணக்கின் அருமை விளங்கும்.

இதனினும் முக்கியமானது வேறொரு குடிபெயர்ச்சி. ஒரே வீட்டுக்காரரின் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறுவது எளிது. வீட்டுக்காரரையே மாற்றுவது எப்படி?

உலகெங்கும் அலுவலகங்கள் தங்கள் மெய்நிகர் கணினிகளை நெடுங்காலம் விஎம்வேர் என்னும் நிறுவனத்தின் மூடிய மென்பொருளில் நடத்திவந்தன. அது நல்ல மென்பொருள், அதில் ஐயமில்லை. 2023 நவம்பரில் அந்நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்து என்றைக்கும் உபயோகிக்கும் உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது; இனிச் சந்தா கட்டியே உபயோகிக்க வேண்டும் என்றாயிற்று. செலவு பன்மடங்கு உயர்ந்ததாகப் பல வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். விலையை நிர்ணயிப்பது விற்பவரின் உரிமை. ஆனால் ஒரு பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ தன் ஆவணங்கள் அனைத்தையும் அம்மென்பொருளில் வைத்திருந்தால், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். சாமான்களை வெளியே எடுக்க வழி தெரியாத குடித்தனக்காரர் வாடகையைப் பற்றிப் பேரம் பேச முடியாது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த கிளவுட்ஸ்டாக் 4.19ஆம் பதிப்பு, விஎம்வேரில் உள்ள கணினிகளைக் கேவிஎம் முறைக்கு மாற்றிக் கொண்டுவரும் வசதியைத் தன் திரையிலேயே சேர்த்தது. மாற்றும் வேலையைச் செய்வது விர்ட்-வி2வி என்னும் மற்றொரு திறந்த மூலக் கருவி. அது வட்டினை நகலெடுத்து வேறு வடிவில் எழுதுகின்றது. பின்பு அதனுள் நுழைந்து, பழைய வீட்டின் மின் இணைப்புக்கேற்ற செருகிகளைக் களைந்து புதிய வீட்டுக்கேற்றவற்றைப் பொருத்துகின்றது. அஃதாவது, வட்டையும் வலைப்பின்னலையும் இயக்கும் நிரற்பகுதிகளை மாற்றுகின்றது. இவ்வேலைக்குக் கணினியை நிறுத்திவைப்பதே முறை. பெரிய வட்டாயின் மணிக்கணக்கில் ஆகும். ஆகவே இதனை ஓட்டத்தில் நிகழும் குடிபெயர்ச்சியோடு குழப்பிக்கொள்ளலாகாது. எனினும் வாசற்படி ஒன்று உண்டாயிற்று என்பதே பெரிது.

அதே பதிப்பில் மேலும் இரு வசதிகள் உள்ளன. ஒன்று, எல்லாப் பொறிகளின் சுமையையும் நோக்கி, நெருக்கடியான இடத்திலிருந்து காலியான இடத்துக்குக் கணினிகளைத் தானே நகர்த்திச் சமன் செய்வது. மற்றது, பள்ளி மணியைப் போல நேரம் குறித்துக் கணினிகளை எழுப்பவும் அணைக்கவும் செய்வது. இரவில் எவரும் நாடாத பயிற்சிக் கணினிகள் மாலை ஏழு மணிக்குத் தாமே உறங்கிவிடும். ஓப்பன்ஸ்டாக்கோ, 2023இன் முதற் பதிப்பிலிருந்து, தனித்து ஒதுக்கப்பட்ட கோர்களில் வேலையற்றிருப்பவற்றின் மின்சாரத்தையே துண்டித்துவைக்கக் கற்றுக்கொண்டது. மின் கட்டணமே பெருஞ்செலவாய் உள்ள தரவு மையங்களில் இது சிறு சேமிப்பன்று.

இந்த ஆசிரியருக்குக் கேட்டால், எல்லாவற்றிலும் பயன் மிக்கதாகத் தோன்றும் மாறுதல் திரையில் தெரியாத ஒன்று. ஓப்பன்ஸ்டாக் ஆண்டுக்கு இருமுறை புதுப் பதிப்பு காணும். பதிப்புகளுக்கு ஆங்கில அரிச்சுவடி வரிசையில் பெயரிடுவது வழக்கம். 2010இல் ஆஸ்டின் என்று தொடங்கி, 2022இல் ஜெட் என்று கடைசி எழுத்தைத் தொட்டு, 2023இல் மீண்டும் முதலெழுத்துக்கு வந்தது. முன்னரெல்லாம் ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போக இயலாது, படிப்படியாகவே ஏறவேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை மையம் முழுவதையும் புதுப்பிக்க வேண்டும் என்றால், மூன்றே ஊழியர் உள்ள அலுவலகம் என்ன செய்யும்? பழைய பதிப்பிலேயே தங்கிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா. இக்குறையை நீக்க, 2023இன் முதற் பதிப்பு தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக ஆண்டுக்கொருமுறை மட்டும் மேம்படுத்தினால் போதும் என்று ஏற்பாடு செய்துள்ளனர். ஆள் குறைந்த இடங்களுக்கு இது வரப்பிரசாதம்.

மேகமும் மழையும்

தாராவிக்கு வடக்கே மிட்டி ஆறு ஓடுகின்றது. ஆற்றின் எதிர்க்கரையில் தேசியப் பங்குச் சந்தையும் வங்கிகளும் நிறைந்த பாந்திரா-குர்லா வளாகம். 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மிட்டி கரைபுரண்டதை அங்குள்ளோர் மறந்திரார். 2020 அக்டோபர் 12ஆம் நாள் காலையில் மும்பை, தானே, நவி மும்பை ஆகிய இடங்களில் மின் வழங்கல் நின்றுபோனதும் நினைவிருக்கும். இத்தகைய நாட்களில் ஆவணங்கள் என்ன ஆகும்?

செஃப் என்னும் திறந்த மூலச் சேமிப்பு மென்பொருள் இவ்விரு மேகங்களோடும் சேர்த்து உபயோகிக்கப்படுவது. அது ஒவ்வொரு துண்டுத் தரவையும் வழக்கமாக மூன்று படிகளாக, வெவ்வேறு பொறிகளில் வைக்கின்றது. ஒரு வட்டு கெட்டால், எஞ்சிய இரண்டிலிருந்து மூன்றாவதைத் தானே எழுதிக்கொள்ளும். வட்டு கெடுவதற்கு இது மருந்து, வெள்ளத்துக்கு மருந்தன்று. மூன்று பொறிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தால் மூன்று படிகளும் ஒன்றாகவே நனையும். ஆகையால் வேறோர் ஊரில் மற்றொரு படி வேண்டும். தேசியத் தகவலியல் மையத்தின் தேசியத் தரவு மையங்கள் தில்லி, புனே, ஹைதராபாத், புவனேசுவரம் எனத் தள்ளித் தள்ளி அமைந்திருப்பதன் பொருளும் இதுவே. கிளவுட்ஸ்டாக்கின் 4.20ஆம் பதிப்பு, 2024 டிசம்பரில், சாதாரண வலைச் சேமிப்பகத்திலேயே காப்புப் படி எடுத்துவைக்கும் வசதியைச் சேர்த்தது. இதற்கு முன் அவ்வேலைக்கு விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்குவதே பெரும்பாலோர் வழக்கமாயிருந்தது.

மென்பொருள் செய்ய இயலாதவையும் உண்டு. ஆசிரியர்கள் நன்கறிந்த தீக்ஷா தளத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இத்தளம் சன்பேர்ட் என்னும் திறந்த மூலத் தொகுப்பின்மேல் கட்டப்பட்டது. அத்தளத்தைச் சேர்ந்த தரவுச் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் விடப்பட்டிருந்ததென்றும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முதலியன அதனால் வெளியில் தெரியும்படி கிடந்தன என்றும் 2023 ஜனவரியில் பத்திரிகைச் செய்தி வந்தது. சேமிப்பகம் இருந்தது ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் மேகத்தில். திறந்த மூலம் என்பதனால் நேர்ந்த பிழையன்று இது. மூடிய மூலத்தின் பிழையுமன்று. 'எவரும் படிக்கலாம்', 'உரியவர் மட்டும் படிக்கலாம்' என்னும் இரு நிலைகளில் எதில் வைப்பது என்று தீர்மானிக்கும் ஓர் அமைப்பு, தவறான பக்கத்தில் விடப்பட்டிருந்தது. எந்தக் கணக்கப்பிள்ளையும் சொன்னபடி செய்வார். சொல்வது மனிதரின் பொறுப்பு.

அதே ஆண்டு ஆகஸ்டில், தீக்ஷாவுக்குக் கல்வி அமைச்சகம் தனது மேகத்தைத் தேர்ந்தெடுத்துள்ளதாக ஆரக்கிள் நிறுவனம் அறிவித்தது. தளத்தின் நிரல் திறந்த மூலமாக இருந்ததனால் வீட்டுக்காரரை மாற்றும் வழி அடைபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் இரு வீட்டுக்காரர்களின் கணக்குப் புத்தகங்களும் அவரவர்க்கே உரிய மூடிய மென்பொருளில் உள்ளவை. வீட்டுச் சாமான் நம்முடையது, பேரேடு அவர்களுடையது என்னும் இந்நிலை, செலவு, ஆள், அவசரம் ஆகியவற்றை நோக்கிப் பல அரசுத் துறைகளும் ஏற்றுக்கொண்டதே. திறந்த மூலம் என்றால் செலவில்லை என்று எண்ணுவதும் தவறு. உரிமத்துக்குக் கொடாத பணத்தைப் பயிற்சி பெற்ற ஊழியர்களுக்குக் கொடுக்கவேண்டியிருக்கும். அவ்வூழியர் கிடைக்காத ஊரில் ஓப்பன்ஸ்டாக்கை நிறுவுவது, ஓட்டுநர் இல்லாத பேருந்து வாங்குவது போலாகும்.

அவ்வூழியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்னும் கேள்விக்குக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களால் ஓரளவு விடை கூற முடியும். மேகம் ஒன்றை அமைத்துப் பார்க்கத் தரவு மையம் தேவையில்லை. 16 கிகாபைட் நினைவகமும் லினக்ஸின் உபுண்டு பதிப்பும் உள்ள ஒரே மேசைக் கணினி போதும். டெவ்ஸ்டாக் என்னும் நிரல், ஓப்பன்ஸ்டாக்கின் முக்கியப் பகுதிகள் அனைத்தையும் அந்த ஒரே பொறியில் நிறுவித் தரும். இணைய வேகத்தைப் பொறுத்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். முடிந்தபின் உலாவியில் அதன் திரையைத் திறந்து, மாணவர்கள் தாமே ஒரு சிறு மெய்நிகர் கணினியை எழுப்பலாம், ஒதுக்கீட்டைக் குறைத்துப் பார்க்கலாம், விண்ணப்பம் எங்கே மறுக்கப்படுகின்றது என்று பதிவேட்டில் தேடலாம். ஓர் எச்சரிக்கை: டெவ்ஸ்டாக் கணினியின் அமைப்புகளை வெகுவாக மாற்றிவிடும். மதிப்பெண் பட்டியலும் வருகைப் பதிவும் உள்ள அலுவலகக் கணினியில் இதனை நிறுவலாகாது. வெறுமையாக்கிய பழைய கணினி ஒன்றை இதற்கெனத் தனியே ஒதுக்கிவைத்தல் வேண்டும்.